பச்சைக் கோடு

மலையில் நல்ல வழி எது என்று கேட்டால், சென்னையின் இந்தக் கோடியில் எல்லோரும் கை காட்டுவது தமிழரசுவைத்தான். வானகரத்தில் வாடகை ஃப்ளாட், அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை, ஞாயிறானால் முதுகில் பை. ‘ஞாயிறு நடை’ என்று அவன் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் எண்ணூறு பேர். ஏறி இறங்கிய வழியை போனில் பதிந்து வந்து மேப்பில் கோடாகப் போடுவான். மற்றவர்கள் அதை இறக்கிக்கொண்டு பின்னாலேயே போவார்கள். காலால் நடந்து பார்த்த பகுதி பச்சை, நடக்காத பகுதி சிவப்புப் புள்ளி. அந்த விதியை வைத்ததே அவன்தான். அதுதான் கொடுமை.

குழுவில் இருந்த அரவிந்தன் மலையில் செத்து இரண்டு மாதமாகிறது. அந்த இரண்டு மாதமும் தமிழரசு எந்த மலைக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் முட்டி வலி என்றான். டிசம்பர் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு காலை, போனில் ஒரு புது நம்பர்.

“அண்ணா, நான் தாட்சாயிணி. அரவிந்தனோட அக்கா. உங்க ஃப்ளாட்டு கேட்டாண்ட கீறேன். ரெண்டு நிமிசம் வர முடியுமா?”

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இறங்கி, பாதிப் படியில் கழற்றிச் சரியாகப் போட்டான்.

கரையான்சாவடியில் ஜவுளிக் கடையில் பில் போடுகிற பெண் அவள். நனைந்த துப்பட்டாவுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு போனை எடுத்தாள்.

“அவன் போனுண்ணா. போலீஸ்ல போன வாரம்தான் குடுத்தாங்க. பூந்தமல்லில டிஸ்ப்ளே மாத்தி உசுரு வர வெச்சேன். இத்த பாருங்க. பச்சையா கீறது நீங்க போட்ட வழி, அவன் முன்னாடியே எறக்கி வெச்சிகினது. நீலமா கீறது அவன் நடந்தது. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கீது. கடசி வரைக்கும். குரூப்புல எல்லாரும் அவன் வழிய உட்டு எறங்கிட்டான்னுதான சொன்னாங்க? இன்னாண்ணா இது?”

அவளுக்குப் புரியாதது தமிழரசுவுக்குத் தெரியும். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் எருமைக்கொம்பு மலையில், மடு வரைக்கும் அவன் மூன்று முறை போயிருக்கிறான். அதற்கு மேல் போனதில்லை. போன வழியே திரும்புவதென்றால் குழுவில் யாருக்கும் ருசிக்காது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால்தான் ஆகா ஓகோ என்பார்கள். மடுவிலிருந்து மேற்குப் பக்கத்து ஊருக்கு இறங்க முடியுமா என்று ஒரு புதன்கிழமை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. மாட்டுத் தடம் என்று முடிவு கட்டினான். நானூறு மீட்டர்தானே, அடுத்த வாரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பச்சையிலேயே வரைந்துவிட்டான். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. கம்பெனியில் ஒரு போல்ட்டைக்கூட அளக்காமல் விடாத மனுஷன்!

அந்தப் படம் கோடையில் எடுத்தது. வெள்ளையாகத் தெரிந்தது தடமல்ல, காய்ந்த ஓடையின் மணல். ஐப்பசி மழையில் தனியாகப் போன அரவிந்தன், ஓடையில் தண்ணீர் போவதைப் பார்த்தும், தமிழரசண்ணன் பச்சை போட்டிருக்கிறார் என்று கரையோரமாகவே இறங்கியிருக்கிறான். ஓடை முப்பதடிப் பள்ளத்தில் விழுகிற இடத்தில், மூன்றாம் நாள் அவனை எடுத்தார்கள். இருபத்து மூன்று வயது.

இதையாவது தப்பு என்று சொல்லலாம். அதற்குப் பிறகு செய்ததை என்னவென்று சொல்வது? செய்தி வந்த அன்றே, இன்னொருவர் போய் விழக்கூடாதே என்று அந்த நானூறு மீட்டரை அழித்துவிட்டான். நல்ல காரியம்தான். ஏன் அழித்தேன் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மேப்பைத் திறந்தவர்களுக்குக் கோடு மடுவோடு நின்றது. உடல் கிடந்த இடம் கோட்டுக்கு வெகு தூரம் வெளியே. ‘பாவம், வழியை விட்டு விலகிட்டான்’ என்று யாரோ எழுதினார்கள். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. தமிழரசுவும் ஒன்று போட்டான்.

இப்போது அந்தப் பெண் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மலையில சிக்னல் சரியா கிடைக்காதும்மா. கோடு கொஞ்சம் முன்னப் பின்னதான் காட்டும்,” என்றான்.

“அப்பிடியாண்ணா?” உடனே நம்பிவிட்டாள். போனைத் திரும்பக் கவரில் சுற்றினாள். “நான் வேற மாரி நெனச்சிகினு வந்தேன். எங்க நைனா இன்னும் அவன் படத்த மாட்டலண்ணா. சொன்ன வழில போவாத நாயி, அத்துக்கு மால ஒரு கேடான்றாரு. பதினாறாம் நாள்கூட ஒக்காரல. தெனம் அவன திட்டிகினேதான் சோறு துன்றாரு. இத்த காட்டி, நைனா, அவன் ஒயுங்காதான் போனான்னு சொல்லலாம்னு பாத்தேன். பரவால்லண்ணா, வரேன்.”

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பான். அவள் கேட்டைத் தாண்டிப் போயும் விட்டாள்.

“இரும்மா. நானும் வரேன்.”

“மழைல எத்துக்குண்ணா?”

அவன் ஒரு ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினான், இருவரும் ஏறினார்கள். போலீஸ், கேஸ், கம்பெனி, குழு என்று ஒவ்வொன்றாக மனதில் வந்துபோனது. பயந்தான். இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட வேலப்பன்சாவடியில் ஒரு தரம் பார்த்தான்.

திருவேற்காட்டில், புது அடுக்குமாடிகளுக்கு நடுவே மிச்சமிருந்த ஒற்றை ஷீட் வீடு அவர்களுடையது. அரவிந்தனின் அப்பா ஏகாம்பரம், பக்கத்து ஃப்ளாட்டில் வாட்ச்மேன். வேலை முடிந்து வந்து, நீல யூனிபார்ம் பேன்ட்டைக்கூட மாற்றாமல் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். வந்தவன் யார் என்று மகள் சொன்னதும் எழுந்தே விட்டார்.

“வாங்க சார், குந்துங்க. எம்புள்ளையால உங்களுக்கும் பேஜாரு. நீங்க எம்மா நல்லா வழி போட்டு வெச்சீங்க. அந்தத் தறுதல கேட்டானா?”

தமிழரசு உட்காரவில்லை. ஆட்டோவில் யோசித்து வைத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“ஐயா, உங்க பையன் வழிய விட்டு விலகல. நான் போட்ட கோட்டு மேலயேதான் போனான். அங்க வழியே கிடையாது, அது ஓடை. நான் போய்ப் பாக்காம வீட்ல உக்காந்து பச்சையில வரைஞ்சேன்.”

மழைச் சத்தம் ஷீட்டில் பலமாக இருந்தது. கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லப் போனான்.

“அந்த எடத்துல நீ நடக்கவே இல்ல?” என்றார் ஏகாம்பரம். சார் போய்விட்டது.

“இல்லங்க.”

“நடந்தேன்னு பச்ச போட்ட.”

“போட்டேன்.”

“குரூப்புல ஆளுங்க பாக்க சொல்லோ அந்தக் கோடு இல்லியே?”

“அன்னிக்கே அழிச்சிட்டேங்க. யார்கிட்டயும் சொல்லல.”

தாட்சாயிணி சுவரில் சாய்ந்துகொண்டாள். “சிக்னல்னு சொன்னியே,” என்றாள். “என் மூஞ்ச பாத்து சொன்னியே.”

அடிப்பார் என்று தமிழரசு நின்றான். அடித்தால் தேவலை என்றிருந்தது. கிழவர் சாப்பிட்ட கையைக் கழுவினார். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த படத்தை இழுத்தார். ஒட்டடையைத் துண்டால் துடைத்தார். மஞ்சள் டீ ஷர்ட்டில், முதுகுப் பையோடு, ஏதோ ஒரு பாறை மேல் நின்று பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆணி கொண்டாம்மா.”

அவர் ஏறிய ஸ்டூல் ஆடியது. “புடி,” என்றார். தமிழரசு குனிந்து பிடித்துக்கொண்டான். சுத்தியலின் நாலு அடியில் ஆணி இறங்கியது. படத்தை மாட்டிவிட்டு ஸ்டூலின் மேல் நின்றபடியே சொன்னார்: “அந்த எண்ணூறு பேருக்கும் இத்த எழுது. இப்பவே. எழுதி எனக்குப் படி.”

எழுதினான். எழுத்து மாறி மாறி விழுந்தது. பிறகு படித்தான்: “அரவிந்தன் வழியை விட்டு விலகவில்லை. நான் போட்ட வழியில்தான் போனான். ஓடையை வழி என்று பச்சையில் வரைந்தது நான். நடந்து பார்க்கவில்லை. அவன் இறந்த பிறகு அதை அழித்ததும் நான்தான். தமிழரசு.”

ஏகாம்பரம் குனிந்து அவன் கண்ணைப் பார்த்தார்.

“இத்த அழிச்சிட மாட்டியே?”

“மாட்டேங்க.”

அனுப்பினான். உடனே போன் அதிர ஆரம்பித்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை.

ஸ்டூலிலிருந்து இறங்காமலே அந்த மனிதர் படத்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். தோள் குலுங்கியது. “ரெண்டு மாசமா உன்ன திட்டிகினு கீறேனே நைனா,” என்றார். “ரெண்டு மாசம்டா. ஒரு நாள் உடாம.”

தாட்சாயிணி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தமிழரசுவைப் போ என்று யாரும் சொல்லவில்லை. விட்டால் ஸ்டூல் ஆடும் என்று அதைப் பிடித்தபடியே இருந்தான்.