முப்பத்தாறு ஜிபி வாஷிங் மெஷின்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கம்ப்யூட்டரை இயக்கிவிட்டு, பாத்திரம் கழுவி, மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடுபவள் அவள். இப்போது கையில் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகம். மறுநாள் பத்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். கோப்பைத் திறந்தால் படிக்கட்டு வரை வந்து அப்படியே உறைந்துவிடுகிறது. மூன்று முறை பார்த்துவிட்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

கணவனின் தங்கை, கல்லூரியில் கம்ப்யூட்டர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். அரை மணியில் வந்து இறங்கினாள்.

"என்ன அண்ணி, மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"மக்கர் இல்லடி, மூச்சே விடல. புதுசுதான் வாங்கணும்போல."

"ஒம்பது வயசுதானே ஆகுது! அதுக்குள்ள ஏன் வழியனுப்பி வைக்கிறீங்க?"

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் இருவரும் ஒருசேரத் தும்மினார்கள். விசிறியைச் சுற்றி, பூனைக்குட்டிக்குச் சட்டை தைக்கும் அளவுக்குத் தூசி. நாத்தனார் பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தள்ளிவிட்டு, தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வந்த மெமரி பட்டையை வெளியே எடுத்தாள். அதன் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, காலியாக இருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது.

மறுபடி இயக்கினார்கள். கம்ப்யூட்டரோடு சேர்ந்து இருபத்திரண்டு மென்பொருள்கள் தாமாகவே எழுந்துகொள்வது தெரிந்தது.

"வாசல்ல இத்தனை பேர் முண்டியடிச்சா யார்தான் உள்ள வர முடியும்?" என்று ஒவ்வொன்றாக நிறுத்தினாள் நாத்தனார். மூன்று மட்டும் மிஞ்சின. "இப்ப டிஸ்க். அடக்கடவுளே, கைகால் நீட்டக்கூட இடமில்ல! எது இப்படி அடைச்சுக்கிட்டு கெடக்குன்னு பாப்போம்."

பெரியது மேலே வரும்படி அடுக்கினாள். முதலில் நின்றது ஒரு ஃபோல்டர்: 'வாஷிங் மெஷின் கையேடு'. முப்பத்தாறு ஜிபி.

"என்ன அண்ணி இது? மெஷினையே உள்ள வச்சிருக்கீங்களா?"

"நான் வைக்கலடி. உங்கண்ணனாத்தான் இருக்கும்."

திறந்தார்கள். நூற்று எழுபத்திரண்டு ஒலிப்பதிவுகள். நாத்தனார் முதலாவதைத் தட்டினாள்.

தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு பஸ் ஓட்டுநரான அவள் கணவனின் கனத்த குரல்: "இன்னைக்கு முதல் நாள். அவ கட்டடம் பாக்க சைட்டுக்குப் போயிருக்கா." அதையடுத்து, வால் மிதிபட்ட பூனைபோல் ஒரு மவுத் ஆர்கன் அலறியது. கடைசியில், "சீ!"

நாத்தனார் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவினாள். அவளுக்கோ சிரிப்பும் வந்தது, ஒன்றும் புரியவும் இல்லை. நாற்பதாவது பதிவைப் போட்டார்கள். பூனை கொஞ்சம் அடங்கியிருந்தது. நூறாவதில் ஏதோ ஒரு மெட்டு தலைகாட்டியது. கடைசிப் பதிவில் அது நடுவில் இரண்டு இடம் தடுக்கினாலும் முழுசாக ஓடி முடிந்தது. பிறகு அவன் குரல்: "அவ கோடு போடறப்போ முணுமுணுக்கிறாளே, அது கிட்டத்தட்ட வந்துருச்சு. அந்த ரெண்டு இடமும் சரியானா வாசிச்சுக் காட்டிடலாம்."

"நானா? நான் எங்கடி முணுமுணுக்கிறேன்?"

"உங்களுக்குத் தெரியாதா? எப்பவுமே இதைத்தானே இழுத்துக்கிட்டு இருப்பீங்க. என்ன பாட்டுன்னு எங்க யாருக்கும் தெரியாது."

அவள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இருபது வருஷம். கையில் ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் அவன் ஆசையாகப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

பதிவுகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றினார்கள். நூலகக் கோப்பைத் திறந்தபோது படிக்கட்டு வந்தது, ஜன்னல்கள் வந்தன, புத்தக அலமாரிகள் கடகடவென்று வரிசைகட்டின. அவள் கைதட்டினாள். பன்னிரண்டரைக்குள் மிச்ச வேலையை முடித்து, கையோடு அனுப்பியும்விட்டாள்.

ஒரு மணிக்குக் கணவன் வந்தான். கைகால் கழுவியதும் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தான். மேலே உருட்டினான், கீழே உருட்டினான். நெற்றி வியர்த்தது.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல... வாஷிங் மெஷின் கையேடு ஒண்ணு இருந்துச்சே."

"மெஷின் நல்லாத்தானே ஓடுது?"

"இல்ல, ஒரு... ஒரு பட்டனைப் பத்திப் பாக்கணும்."

"அதையா? அழிச்சுட்டேண்ணா," என்றாள் தங்கை முகத்தை இறுக்கிக்கொண்டு. "ஏகப்பட்ட இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

அவ்வளவு பெரிய மனிதன் காற்றுப்போன டயர்போல் தொய்ந்துபோனதை மனைவியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பயப்படாதீங்க. நூத்தி எழுபத்திரண்டும் பத்திரமா இருக்கு."

அவன் காது வரை சிவந்தான். "கேட்டுட்டீங்களா?"

"முதல் நாள் கத்தின பூனையைக்கூடக் கேட்டுட்டோம்," என்றாள் தங்கை.

மவுத் ஆர்கன் பீரோவுக்குப் பின்னால், பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் இருந்தது. அவன் எடுத்து வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். "இப்படின்னா வாசிக்கறேன். மூஞ்சியைப் பாத்தா வராது."

வாசித்தான். முதல் இடத்தில் தடுக்கினான். இரண்டாவது இடத்தில் நின்றேவிட்டான்.

"அங்க மேல போகக் கூடாதுங்க," என்றாள் அவள். "கொஞ்சம் இறங்கணும்."

"எப்படி?"

அவள் வெட்கப்பட்டாள். நாத்தனாரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாகத் தெரிந்தே, அந்த மெட்டை முணுமுணுத்தாள். அவன் மெல்லத் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு சுரமாகப் பின்னால் வந்தான்.

சாப்பாடு ஆறிப்போய் வெகுநேரமாகியும் மூவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.