ஓடைப் புறம்போக்கும் ஒரு கையெழுத்தும்

உலகத் தண்ணீர் தினத்தன்று கூடிய கிராம சபையில்தான் ஓடையை மண்கொட்டி மூடி வீடு கட்டுவதென்று தீர்மானம் ஆனது. முன்மொழிந்தவர் மலர்க்கொடி என்று ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. ஓடையை மூடக் கூடாது என்று சொல்லத்தான் மலர்க்கொடி அன்றைக்குக் கூட்டத்துக்கே போனாள். யாரும் தப்புத்தண்டா செய்யவில்லை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

மானாம்பதி பக்கத்துச் சின்ன ஊர் அது. ஏரி நிரம்பினால் கலங்கலில் வழிகிற தண்ணீர் அந்த ஓடையில் இறங்கி அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஓடையை ஒட்டிய கடைசி வீடு மலர்க்கொடியுடையது. அவளும் புருஷனும் பதினோரு வருஷமாகக் கட்டிய வீடு. ஒரு வருஷம் சுவர், ஒரு வருஷம் கூரை, போன பொங்கலுக்குத்தான் தரைக்கு டைல்ஸ். ரெண்டாயிரத்துப் பதினைந்து பெருமழையில், ஓடை இருந்தபோதே, தண்ணீர் ஜன்னல் வரைக்கும் வந்து மூன்று நாள் விருந்தாளியாய் நின்றது. ஓடையும் இல்லாவிட்டால் எதுவரைக்கும் வரும் என்று சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் அரசாங்கத்தின் எண்பத்து நாலு வீட்டுத் திட்டத்தின் வரைபடத்தில் அந்த இடத்துக்குத் ‘தரிசு’ என்று பெயர். வரைந்த புண்ணியவான் நல்ல கோடையில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

வீடே வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வீடில்லாதவர்களுக்கு வீடு வரட்டும், மேட்டுக்கொல்லைப் பக்கம் வரட்டும் என்றுதான் சொன்னாள். அதைச் சொல்ல நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு பத்து மணிக்கே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் மோகன் வாசலிலேயே புத்தகத்தை விரித்து வைத்திருந்தான்.

“வந்ததுக்கு ஒரு கையெழுத்துக்கா.”

மலர்க்கொடிக்கு அது சரியாகவே பட்டது. “எல்லாரும் மொதல்ல கையெழுத்து போடுங்க. அப்பறம் யாருமே வர்லன்னு எயுதிக்குவாங்க” என்று தெருவையே விரட்டினாள். முதல் கையெழுத்து அவளுடையது.

“எனுக்கு எயுத வராதே மலரு” என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள்.

“கைநாட்டு வையிக்கா. சும்மா உள்ள வராத.”

செல்லம்மாள் இரண்டாவதாகக் கைநாட்டு வைத்தாள். பிறகு மலர்க்கொடி எழுந்து பேசினாள். நன்றாகவே பேசினாள். தலைவர் தலையாட்டினார். மோகன் எழுதிக்கொண்டான். டீயும் போண்டாவும் வந்தன. ஜெயித்துவிட்டோம் என்றே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

பத்து நாள் கழித்து ஓடையில் ஆட்கள் அளவுக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கல் மலர்க்கொடி வீட்டுப் பின்வாசலுக்கு நேராக நின்றது. அவள் துணியைக்கூடக் காயப்போடாமல் மோகனிடம் ஓடினாள்.

மோகன் ஒளிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து காட்டினான். தீர்மானம் ஏழு, ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் மலர்க்கொடி. வழிமொழிந்தவர் செல்லம்மாள், கைநாட்டு.

“நான் எப்பப்பா முன்மொழிஞ்சேன்?”

“ரெண்டு பேரு எயுதணும்க்கா. மொதல் ரெண்டு கையெழுத்த எயுதறதுதான் இங்க வயக்கம். எங்கப்பா காலத்துலருந்து அப்டிதான்.”

“நான் பேசனது இன்னா ஆச்சு?”

“அதுவும் கீதுக்கா.” விரல் வைத்துக் காட்டினான். ‘நீர்வழி குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது.

மலர்க்கொடிக்கு ஆத்திரம் வந்தது. மோகன்மேல்கூட அவ்வளவு இல்லை. வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட்டு, இழுத்து வந்து, பேனாவையும் கையில் கொடுத்தாளே, அந்த மலர்க்கொடிமேல்தான். அன்று சாயங்காலம் வரை அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நூறு பேர் கையெழுத்து இல்லாமல் அந்த ஊரில் கிராம சபை செல்லாது என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் கூட்டி வந்த நாற்பது பேரையும் சேர்த்துத்தான் அன்றைக்கு நூற்றிரண்டு ஆகியிருந்தது.

மே ஒன்றாம் தேதி அடுத்த கிராம சபை. நூற்றறுபது பேர் வந்தார்கள். பந்தல் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை.

ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னா மோகன், கூட்டம் இருக்குதா இல்லியா?”

“ஆளு கீறாங்க சார். கூட்டம் இல்ல.”

மலர்க்கொடி எழுந்தாள். “மொதல்ல தீர்மானத்த எயுதட்டும் சார். ஓடைய மூடக் கூடாது, வூட்ட மேட்டுக்கொல்லைல கட்டணும்னு. எயுதி சத்தமா படிக்கட்டும். அப்பறம் அதுக்குக் கீய கையெழுத்து போடறோம்.”

“அது நடைமுறை இல்லம்மா. மொதல்ல வருகைப் பதிவு.”

“மொதல்ல வருகை போட்டுதான் சார் இந்த பேஜாரு.”

நூறு நாள் வேலைப் பட்டியலும் அன்றைக்குத்தான் நிறைவேற வேண்டும். அதை மோகன் இரண்டு தரம் நினைவூட்டினான்.  செல்லம்மாள் அந்த வேலையில்தான் சாப்பிடுகிறாள். அவள் எழுந்து கைநாட்டு வைத்தால் தெருவே எழுந்துவிடும். மலர்க்கொடி திரும்பிப் பார்த்தாள். செல்லம்மாள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தல் கீற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணிக்கு அதிகாரி கைகாட்ட, மோகன் எழுதினான், சத்தமாகப் படித்தான். மலர்க்கொடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தீர்மானத்துக்கும் கையெழுத்துப் போடும் இடத்துக்கும் நடுவில் நாலு விரல் இடம் சும்மா கிடந்தது. ஸ்கேலை வாங்கிக் குறுக்கே கோடு அடித்தாள். பிறகு முதல் கையெழுத்தைப் போட்டாள்.

ஆடி மாதம் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது, விசாரணைக்கு வரச்சொல்லி. போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஓடைய மூடணும்னும் நீங்கதான் முன்மொழிஞ்சிருக்கீங்க. மூடக் கூடாதுன்னும் நீங்கதான். இதுல எதும்மா உங்களுது?”

“ரெண்டும் என் கையெழுத்துதான் சார். மொதல்து நான் வந்ததுக்கு. ரெண்டாவது நான் சொன்னதுக்கு.”

அவர் இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “சரி. எடத்த நேர்ல பாத்துதான் முடிவு பண்ணணும். அதுவரைக்கும் வேலை நடக்காது. அடுத்த வாரம் வர்றேன்.”

மலர்க்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்த வாரமும் ஓடையில் ஆடுதான் மேய்ந்துகொண்டிருக்கும். இவர் கண்ணுக்கும் அது தரிசாகத்தான் தெரியும்.

“அடுத்த வாரம் வாணாம் சார். ஐப்பசில வாங்க, மய பெய்றப்ப. எங்க வூட்டுப் பின்வாசப்படில நின்னு பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

 அவர் நாட்காட்டியைப் புரட்டி, ஐப்பசியில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“வந்ததுக்கு ஒரு கையெழுத்து போட்டுட்டு போங்க.”

தாளில் மேலே அவள் பெயர் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

மலர்க்கொடி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

“ஸ்கேல் இருந்தா குடுங்க சார்” என்றாள்.