பாதியில் நின்ற அடி

சாப்பிட உட்கார்ந்தால் அபிநயா கரண்டியால் தட்டில் தட்டுவாள். முதலில் சீராக விழும். பிறகு வேகம் பிடிக்கும். பிடித்த வேகத்திலேயே சட்டென்று நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. எத்தனை முறை தட்டினாலும் அதே இடத்தில்தான் நிற்கும்.

அவளுடைய அப்பா தனசேகர் கரண்டியை வாங்கி வைத்துவிட்டு ஊட்டிவிடுவான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இன்ஜினியர் அவன். பகல் முழுக்கத் தகரத்தின் மேல் சுத்தியல் விழும். மனைவி சௌமியா போனபிறகு அந்தச் சத்தமும் வீட்டின் அமைதியும் அவனுக்கு ஒன்றுபோலவே இருந்தன.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் சபீஹா, சேலத்துக்காரர்.

"புகார் இல்லைங்க சார். பெஞ்சுல தட்டிக்கிட்டே இருக்கா, அது பரவாயில்லை. பாட்டு நேரத்துல வாயைத் திறக்க மாட்டேங்கறா. முன்னாடியெல்லாம் முதல் ஆளா பாடுவா."

"வீட்டில பாட்டு போடறதில்லைங்க."

"ஏங்க?"

"போடறதில்லை."

சபீஹா அதற்குமேல் தோண்டவில்லை. "நேர்ல வாசிக்கற கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்களேன். நானும் என் ரெண்டு வாலை வச்சுக்கிட்டு அலைஞ்சவதான். சபாவுக்குப் போனா, சின்னவன் தும்மினதுக்கு நாலு வரிசை திரும்பிப் பாத்துச்சு. திருவிழா ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனா ஸ்பீக்கருக்குப் பயந்து பெரியவ என் துப்பட்டாவுக்குள்ள பூந்துக்கிட்டா. கடைசியா எங்க அம்மா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல கிடைச்சுது. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல. மைக் கிடையாது, பாய்தான். பிள்ளைங்க எழுந்து ஆடலாம். நடுவுல கேள்வி கேட்டா வாசிக்கறவங்க நிறுத்திப் பதில் சொல்வாங்க."

போனுக்கு அறிவிப்பை அனுப்பிவைத்தார். அதில் ஒரு புல்லாங்குழல் படம் இருந்தது. மற்றபடி அன்று யார் யார் வாசிக்கிறார்கள் என்று தனசேகர் விசாரிக்கவில்லை. இந்தப் பிள்ளை மறுபடி பாடினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குப் பஸ் பிடித்துப் போனார்கள். சபீஹாவும் தன் பிள்ளைகளோடு வந்திருந்தார். குழல்காரர் சப்பணமிட்டு உட்கார்ந்து வாசித்தார். ஒரு கைக்குழந்தை தவழ்ந்துபோய் அவர் முழங்காலில் பிஸ்கட்டை அப்பியது. அவர் நகரவில்லை. சபீஹாவின் சின்னவன், லாரி ஹார்ன் அடிக்கச் சொன்னான். குழலிலேயே அடித்துக் காட்டினார். மண்டபமே சிரித்தது.

அபிநயா தகப்பன் காதருகே வந்தாள். "நம்மூரு லாரி இப்படி அடிக்காது."

"அவர்கிட்டப் போய்ச் சொல்லு."

அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

அடுத்து சௌந்தர்யா என்ற பெண் வந்தாள். தோளில் பறை. குச்சி தோலில் பட்டதுமே தனசேகர் மகளின் கையைப் பிடித்தான். அவன் ஊரில் சாவு வீட்டில் பறை முழங்கினால் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவார்கள். பிணம் எடுக்கும்போது பிள்ளைகள் பார்க்கக் கூடாது. சௌமியாவை எடுத்த அன்றும் அப்படித்தான். அவனுடைய அக்கா கண்ணாத்தாள் அபிநயாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

எழுந்தான். மகளைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

"எறக்கி உடுங்கப்பா."

"ஊட்டுக்குப் போலாம் சாமி."

"கண்ணாத்தா அத்தையும் இப்படித்தான் தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு மீதி கேக்கவே இல்லை."

அவன் அப்படியே நின்றான்.

சௌந்தர்யா அடிப்பதை நிறுத்தியிருந்தாள். "என்ன கேக்கோணும் பாப்பா?"

அபிநயா அப்பாவின் தோளிலேயே தட்டிக் காட்டினாள். சீராக விழுந்தது, வேகம் பிடித்தது, நின்றது. "இதுக்கு மேல?"

சௌந்தர்யாவுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி அவனிடம் கேட்டாள். "யாருக்குங்க?"

"இவ அம்மாவுக்கு."

அவள் பிள்ளை பக்கம் திரும்பினாள். "பாப்பா, அது எனக்குத் தெரியும். ஆனா இங்க அடிக்கக் கூடாது. நாளைக்கு இதே மேடையில யாருக்காச்சும் தாலி கட்டுவாங்க. வெளிய வாரீங்களா?"

கேட்டது பிள்ளையிடம். பார்த்தது அவனை.

பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். "காலங்காத்தால சாவு மேளமா?"

"உங்களைக் கூப்பிடலைங்க," என்றார் சபீஹா. "நீங்க உக்காந்து பிஸ்கட் சாப்பிடுங்க."

தனசேகர் மகளைக் கீழே இறக்கினான். "வாரோம்."

மண்டபத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில், சௌந்தர்யா காய்ந்த தென்னை மட்டையைக் கொளுத்திப் பறையை அனலில் காட்டினாள். தோல் விறைத்ததும் ஆரம்பித்தாள்.

அன்று கையில் தீச்சட்டியோடு பறைக்குப் பின்னால் சுடுகாடு வரை நடந்தவன் அவன். ஓர் அடிகூட நினைவில் இல்லை. இப்போதுதான் முதல் முறையாகக் கேட்பதுபோல் இருந்தது. வேகம் ஏறியது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தபோது அபிநயா அவன் விரலை இறுக்கிப் பிடித்தாள். அடி நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போனது, இன்னும் ஏறியது, பிறகு ஆட்கள் நடப்பதுபோல் நிதானப்பட்டு, ஒரே ஒரு அடியில் முடிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சாமி," என்றாள் சௌந்தர்யா.

அபிநயா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு நீங்க முழுசாக் கேட்டீங்களா?"

"இல்லை. இப்பத்தான் கேட்டேன்."

அதைச் சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துக் குனிந்து நின்றான். அழுகை வந்தது. சத்தம் போட்டுத்தான் வந்தது. சௌந்தர்யா அந்தப் பக்கம் திரும்பி, அணைந்துகொண்டிருந்த மட்டையைக் காலால் தேய்த்தாள். அபிநயா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, முடியட்டும் என்று நின்றாள்.

உள்ளே மறுபடி குழல் கேட்டது.

"வாங்கப்பா," என்றாள். "நாமக்கல் லாரி எப்படி அடிக்கும்னு அந்தக் கொழல்காரருக்குத் தெரியலை. நான் பாடிக் காட்டோணும்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தாள்.