ஆமா, இவடம்தான்

எங்கள் முதல் அல்பத்தின் பெயர் 'எவடம்'. வன்னியில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் எந்த இடம் என்று இப்படித்தான் கேட்பார்கள். பதிலை வைத்து ஆளை எடைபோடுவார்கள்.

தயாபரன் வவுனியாவில் பெயர் எடுத்த ராப் குழுவைச் சேர்ந்தவன். நிரஞ்சன் கிளிநொச்சிக் குழு. முல்லைத்தீவுக் குழுவுக்கு பீட் செய்தவன் நான். மேடையில் ஒன்றையொன்று திட்டிப் பாடிய குழுக்கள். மூவரும் சேர்ந்துவிட்டோம் என்றபோது ஒருவரும் நம்பவில்லை.

மற்றப் பாட்டுகள் முடிந்து, தலைப்புப் பாட்டு மட்டும் மிஞ்சியது. அதில் நாங்கள் "இவடமோ?" என்று கேட்க, ஒரு பெண்குரல் "ஓம், இவடம்தான்" என்று பாடவேண்டும். பாடியவள் என் மனைவி ரஜிதா. ஒத்திகைக்கு ஒருமுறை பாடினாள். "ஆமா, இவடம்தான்" என்று வந்துவிட்டது. அவளுடைய தாத்தா மலையகத் தோட்டத்திலிருந்து வந்தவர். எங்களுக்கு ஓம் என்றால், அவர்கள் வீட்டில் ஆமாதான். திருத்திப் பாடுகிறேன் என்றாள். அதற்குள் எலிக்காய்ச்சல். மாசியில் இறந்துபோனாள்.

"மச்சான், இப்பிடியே விட்டா கொமென்ற்ஸில ரஜிதாவைத்தான் நக்கலடிப்பாங்கள்" என்றான் தயாபரன். "'ஆமா எண்டுறவள் இவடமாம், கதையைப் பார்' எண்டுவாங்கள். அவளின்ர குரலில ஒரு ஓம் எடுத்து ஒட்டு."

அவள் அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்டேன். ஆமா, பஸ்ஸ விட்டுட்டேன். ஆமா, இங்கயும் மழைதான். என்னிடம் அவள் ஓம் சொன்னதே இல்லை. கலியாண வீடியோவில் ஒன்று கிடைத்தது. என் அம்மாவின் காதுக்கு ஆமா பிடிக்காது. அவர் ஏதோ கேட்க, தலையைக் குனிந்து, "ஓம் மாமி." வெட்டி ஒட்டினேன். பீட்டில் சரியாக விழுந்தது.

இருவருக்கும் போட்டுக் காட்டினேன்.

"பொருந்துது" என்றான் தயாபரன்.

நிரஞ்சன் ஹெட்போனைக் கழற்றினான். "அண்ணை, அக்கா இதில ஆருக்கோ பயந்தமாதிரிக் கிடக்கு."

நான் பாட்டை நிறுத்தினேன்.

"நானும் வீட்டில ஆமாதான். மைக்கைக் கண்டாத்தான் ஓம்" என்றான் நிரஞ்சன்.

"எட, இவ்வளவு நாளும் நடிச்சனியோ?" என்றான் தயாபரன்.

"பின்ன? இல்லாட்டி நீ மேடையில என்னைத் தோட்டம் எண்டு கிழிச்சிருப்பாய்."

தயாபரன் காதைச் சொறிந்தான். "கிழிச்சிருப்பன்தான்."

நிரஞ்சன் எழுந்து, பதிவுக்காகச் சுவரில் மெத்தைகள் சாத்திய மூலைக்குப் போனான். "என்ர பகுதியைத் திரும்ப எடுங்கோ அண்ணை."

ஓம் இருந்த இடமெல்லாம் ஆமா வந்தது. குரல் இறங்கிச் சொற்கள் வேகமாக விழுந்தன. அவனிடம் நான் எடுத்ததிலேயே நல்ல பதிவு அதுதான்.

"அப்ப ரஜிதா தனிய நிக்கத் தேவையில்லை" என்றான் தயாபரன். "அவள் சொன்ன கையோட நாங்களும் ஆமா சொல்லுவம். நக்கலடிக்கிறவன் நாலு பேரையும் அடிக்கட்டும். முதல் நீ வா மச்சான்."

நான் பாடுகிறவன் இல்லை. ஒட்டிய ஓமை அழித்து, அவளுடையதைப் பழையபடி வைத்தேன். மைக்கின் முன்னால் நின்றேன். அவள் பாடினாள். நான் சொன்னேன்.

நிரஞ்சன் வாயைப் பொத்தினான். "அண்ணை, அது ஆமை."

"ஆமை இறைச்சி கேக்கிறான் போல" என்றான் தயாபரன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாசிக்குப் பிறகு வந்ததில்லை. நிறுத்தத் தெரியவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள்.

"அக்கா முடிக்கேக்க தொடங்குங்கோ" என்றான் நிரஞ்சன்.

அடுத்த தடவை சரியாக வந்தது என்று இருவரும் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. நான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.