வெளியூரில் எட்டு, உள்ளூரில் ஐந்து

லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து வருடம் ஒருமுறை ஆடவிடும் ஆல் ஸ்டார் அணிக்கு யார் யார் போகலாம் என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டால் அந்தக் கூடைப்பந்து அரங்கத்தின் கேன்டீனில் தேநீரெல்லாம் ஆறிப்போகும். முதல் ஐந்து பேரை ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. மிச்சம் ஏழு இடங்கள் பயிற்சியாளர்கள் கையில். வெள்ளிக்கிழமை பட்டியல் வரும். இந்த வருடம் அந்த ஆட்டமே இதே அரங்கத்தில்தான் என்பதால், பெருக்குகிறவர் முதல் டிக்கெட் கிழிக்கிறவர் வரை எல்லோரிடமும் ஆளுக்கொரு பட்டியல் இருந்தது.

எல்லாப் பட்டியலிலும் தகராறு ஏழாவது இடத்துக்குத்தான். துறைமுக அணிக்காரனா, நம் ஒட்டடைக்குச்சியா?

ஒட்டடைக்குச்சி என்பது ரசிகர்கள் செல்லமாக வைத்த பெயர். ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. வயது முப்பத்து நான்கு. முழங்காலை இரண்டு முறை அறுத்துத் தைத்தாகிவிட்டது. பன்னிரண்டு வருடம் ஆடியும் ஒருமுறைகூட ஆல் ஸ்டார் ஆனதில்லை. இந்த வருடத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது. இதை விட்டால் இல்லை.

அவனுடைய அக்கா அதே அரங்கத்தில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து கணக்குப் பதிகிறவள்; வெளியூர் ஆட்டங்களுக்கு அந்தந்த ஊர்க்காரர்கள் பதிவார்கள். யார் கூடை போட்டார், யார் பந்தைப் பறிகொடுத்தார், யார் கொடுத்த பாஸில் கூடை விழுந்தது எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் உலகத்துக்குப் போகும். தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அரங்கமே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது.

அன்று கேன்டீனில் ஒருவர் செய்தித்தாளை விரித்து விளையாட்டுப் பக்கக் கட்டுரையைச் சத்தமாக வாசித்தார். ஒட்டடைக்குச்சி புள்ளிகள் குவிக்கிற ஆள் இல்லை. பாஸ் கொடுக்கிற ஆள். அவன் பாஸில் விழும் கூடைகள், அதாவது அசிஸ்ட், வெளியூரில் ஆட்டத்துக்கு எட்டு. உள்ளூரில் ஐந்து. மூன்று வருடமாக இதே கதை. சொந்த ரசிகர்கள் முன்னால் கை நடுங்குகிறவனைச் சொந்த அரங்கில் நடக்கும் ஆல் ஸ்டாருக்கு எப்படி எடுப்பது என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தம்பிக்கு உள்ளூர் பயம் என்பதை ஊரைப் போலவே அவளும் நம்பினாள். எண் பொய் சொல்லாது என்பதை வைத்துத்தானே அவள் பிழைப்பே நடக்கிறது. அவனும் நம்பினான். அதனால்தான் இரண்டு வருடம் முன்பு, நீ கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பந்தே கையில் நிற்க மாட்டேன் என்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். அதன் பிறகு அம்மா அரங்கத்துப் பக்கம் வரவில்லை. போன மழைக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மேசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை எல்லோரும் மணிக்காரர் என்பார்கள். கேன்டீன் காலியான பிறகு அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சொன்னார்.

“பயமாவது மண்ணாவது. நீ ஒரு கஞ்சம்மா. மத்தவன் பாஸ் குடுத்து, வாங்கினவன் பந்தத் தரையில ரெண்டு தட்டு தட்டிட்டுப் போட்டாலும் அசிஸ்ட் எழுதுற. உன் தம்பி பாஸ்னா, வாங்கின கையோட போட்டாத்தான் எழுதுற. மாமியார் ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம்.”

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படி ஒரு வழக்கம் அவளிடம் இருந்தது உண்மைதான். நான்கு வருடம் முன்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் எவனோ ஒரு நிருபர், ‘அக்கா கணக்கு, தம்பிக்குத் தாராளம்’ என்று கிண்டலாக ஒரு வரி எழுதினான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அன்றிலிருந்து தம்பி விஷயத்தில் சந்தேகம் வந்தால் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். போகப் போகச் சந்தேகம் வராத இடங்களிலும் அவள் விரல் தயங்கியது. ஆட்டத்துக்கு ஒன்று குறையும், அதனால் குடி முழுகிவிடாது என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை ஆட்டங்களின் வீடியோ இருக்கும் பதிவு அறையின் சாவியை வாங்கிக்கொண்டு போய் இந்த வருடத்தின் இருபது உள்ளூர் ஆட்டங்களிலும் அவன் பாஸ் கொடுத்த இடங்களை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்ட பந்துகள், இரண்டு பேர் நடுவே ஊசியில் நூல் கோத்த மாதிரி போன பந்துகள். வாங்கியவன் ஒரு தட்டுத் தட்டிக் கூடையில் போடுகிறான். எதிரணிக்காரனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பாள். எழுதாமல் விட்டவை அறுபத்திரண்டு. ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல். அவன் கை எங்கேயும் நடுங்கவில்லை.

உடனே லீக் அலுவலகத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். தன் வேலை போனாலும் பரவாயில்லை என்றாள். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் திருத்தலாம், அதற்குப் பிறகு ஒரு எண்ணைக்கூடத் தொட முடியாது, பயிற்சியாளர்களின் ஓட்டும் நேற்றே வந்து சேர்ந்துவிட்டது என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டியல் வந்தது. ஏழாவது இடம் துறைமுகக்காரனுக்கு.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு தம்பி உடை மாற்றும் அறையில் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

“விடுக்கா. அவன் நல்லாத்தான் ஆடுறான். நான் கோச்சா இருந்தாலும் அவனத்தான் எடுப்பேன்.”

அவள் உட்காராமலே சொன்னாள். நிருபரின் கிண்டலில் தொடங்கி, பதிவு அறை வரை ஒன்றையும் மறைக்கவில்லை. ஐஸ் உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“எத்தனன்னு சொன்ன?”

“அறுபத்திரெண்டு. இந்த வருஷம் மட்டும்.”

“அப்ப நான் பயப்படலயா?”

“இல்லடா.”

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பயத்துக்காக ரகசியமாக ஒரு மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்ததையும், ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னாலும் மாத்திரை போட்டுக்கொண்டதையும் யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான். திட்டுவான், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவான் என்று அவள் காத்திருந்தாள். எறிந்திருந்தால் தேவலை. ஆல் ஸ்டாரைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

“அம்மாவ வரச் சொல்லியிருக்கலாம்” என்றான்.

அவள் அவன் விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். அவனே மறுபடி கேட்டான்.

“மேட்ச் முடிஞ்சு நீ வீட்டுக்குப் போனா அம்மா ஏதாவது கேப்பாங்களா?”

“கேப்பாங்க. நான் செருப்பக்கூடக் கழட்டியிருக்க மாட்டேன். எத்தனன்னு கேப்பாங்க.”

“நீ என்ன சொல்லுவ?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“அஞ்சுன்னு சொல்லுவேன். பாவம், இன்னைக்கும் பயந்துட்டான் போலன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவாங்க.”

அவன் தலையாட்டினான். ஐஸ் பையை எடுத்துக்கொண்டு நொண்டியபடி கைகழுவும் தொட்டிப் பக்கம் போனான். பையைக் கவிழ்த்தான். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் திரும்பாமல் அங்கேயே நின்றான்.