பல்மலை ரயில்

என் கணவருக்குப் பல் கட்டுவது தொழில். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். இவர் தோட்டத்துக் கோடியில் இருக்கும் ஷெட்டில் உட்கார்ந்து பிளாஸ்டர் மாவைக் கரைத்து அச்சு வார்ப்பார். அதன்மேல் ஈறு நிறத்தில் பிளேட் செய்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, பாலிஷ் போட்டு, அடுத்தவர் வாயில் சிரிப்பை ஒட்டவைப்பார். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை எல்லாம் அதற்கப்புறம்தான். பல் செட் வாடிக்கையாளர் கைக்குப் போனதும் அச்சைத் தூக்கிப் போடுவதுதான் உலக வழக்கம். இவர் போடமாட்டார்.

"ஒரு மனுஷன் வாயை எப்படிடி குப்பையில போடறது?" என்பார்.

அதனால் ஷெட் முழுக்க வாய்கள். விளக்குமாறு எடுக்கப் போனால் அலமாரியிலிருந்து பத்துப் பேர் என்னைப் பார்த்துப் பல்லிளிப்பார்கள். வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் மேல்தட்டிலிருந்து யாரோ ஒருவரின் தாடை என் தலையில் விழுந்தது. அன்றைக்கு முடிவாகச் சொல்லிவிட்டேன்.

"இந்த வீட்டுல ஒண்ணு இந்த வாய்ங்க இருக்கணும், இல்ல என் வாய் இருக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"எது சத்தம் கம்மியா போடும்னு பாக்கறேன்" என்றார்.

அதற்கு மறுவாரம் என் கத்தரிச் செடிகளுக்கு நடுவே கயிறு கட்டி மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். என்னவென்று கேட்டால், ரயில் பாதை என்றார். எதற்கு என்று கேட்டால், ஷெட்டிலிருந்து பின்வாசல் வரைக்கும் பல் செட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து கால் வலிக்கிறதாம். ஷெட் ஒன்றும் அடுத்த ஊரில் இல்லை. இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும். கேட்காத மாதிரி இருந்துகொள்வார், அது வேறு விஷயம். ரயில் விட ஆசை, விடுகிறேன் என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. ரசமட்டம் வைத்து மண்ணைச் சமமாக்கினார். பொடி ஜல்லியைச் சல்லடையில் சலித்துப் பரப்பினார். ஷெட்டில் அச்சு தேய்க்கும் பழைய பிரஷ்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவற்றின் கைப்பிடிகளை அறுத்துக் குறுக்குக் கட்டைகளாக அடுக்கினார். பித்தளைப் பட்டையில் தண்டவாளம். பாலிஷ் மெஷினின் பழைய மோட்டாரும் ஒரு பேட்டரியும் சேர்ந்து எஞ்சின். எஞ்சினின் உடம்பைத் தனக்குக் கைவந்த பொருளிலேயே செய்தார். அதனால் உலகத்திலேயே ஈறு நிறத்தில் ஓடுகிற ரயில் எங்கள் வீட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் ஓட்டத்தில் எலுமிச்சை மரத்து வளைவில் அது தடம் புரண்டு என் மிளகாய்ப் பாத்தியில் தலைகுப்புற விழுந்தது. "வண்டி மிளகாய் வாங்க இறங்கிடுச்சு போல" என்றேன். அவர் வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை மட்டும் துளி உயர்த்தினார். அப்புறம் ஒரு நாளும் அது தடம் புரளவில்லை.

கடைசியில் மலை கட்டினார். மலை இல்லாத ரயில் ரயிலா என்று ஒரு நியாயம். கல்லுக்கு எங்கே போவார்? ஷெட்டிலிருந்த அச்சுகளையெல்லாம் கூடை கூடையாகக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் குகை விட்டு, மேலே சிமெண்ட் பூசி, மண் அப்பி, பாசி வளர்த்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இடுப்புயரத்துக்குப் பச்சைப் பசேலென்று ஒரு குன்று. குகைக்குள்ளே பூச்சு கிடையாது, சுற்றிலும் வாய்தான்.

"உள்ள அசிங்கமா இருக்கே" என்றேன்.

"தரையில படுத்து யாரு எட்டிப் பாக்கப் போறாங்க?" என்றார்.

ஷெட் காலியாகிவிட்டது. நான் சொன்னதைச் செய்துவிட்ட மனிதரை என்ன செய்ய முடியும்?

அதற்கப்புறம் பல் வாங்க வருகிறவர்கள் பின்வாசல் நாற்காலியில் உட்கார்வார்கள். ஷெட்டில் ஒரு விசில். கத்தரிச் செடியைச் சுற்றி, எலுமிச்சையைச் சுற்றி, மலைக்குள் புகுந்து வெளியே வந்து, பஞ்சு மெத்தை போட்ட பெட்டியில் அவர்களுடைய பல் காலடியில் வந்து நிற்கும். வாயில் மாட்டியதும் இவர் ஒரு சோதனை வைப்பார். "ஒரு 'த' சொல்லுங்க" என்பார். நாக்கு பல்லின் பின்பக்கத்தைத் தட்டினால்தான் 'த' சரியாக வரும். 'த' வந்துவிட்டால் எல்லாம் வந்த மாதிரி. ஒருவர் தாத்தா என்பார், ஒருவர் தித்திப்பு என்பார். பல் டாக்டர் என்றாலே நடுங்குகிறவர்கள்கூட எங்கள் வீட்டிலிருந்து சிரித்துக்கொண்டு போனார்கள்.

இப்படி இருக்கையில்தான் வீட்டுக்காரர் வந்தார்.

நாங்கள் குடியிருப்பது அவருடைய வீடு. அவர் மனைவி உயிரோடு இருந்தவரை, எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று அடிக்கடி வருவார். மரம் அந்த அம்மா நட்டது. தண்ணீர் கொஞ்சம், பேச்சு நிறைய. வாய்விட்டுச் சிரிக்கிற மனுஷி. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து வீட்டுக்காரர் தோட்டத்துப் பக்கமே வருவதில்லை. வந்தாலும் வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

அன்றும் வாசலில்தான் நின்றார். பல் முழுவதையும் எடுத்தாகிவிட்டது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய செட்டும் என் கணவர் கையில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. காற்றாகவே வந்த பேச்சில் பாதியைக் கை ஜாடையில் புரிந்துகொண்டேன். தோட்டத்தை மூடிச் சிமெண்ட் போட்டு கார் ஷெட் கட்டப் போகிறாராம். பல் வாங்க வரும் அன்றே கொத்தனாரையும் கூட்டி வருவாராம்.

"அவ இல்லாத தோட்டத்தைப் பாக்கவே பிடிக்கலம்மா" என்றார். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

என் கணவர் யாரோடும் சண்டை போடத் தெரியாதவர். "அவர் இடம், அவர் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ரயிலை நான் தினமும் திட்டியிருக்கிறேன்தான். நான் திட்டலாம், என் வீட்டு ரயில். அதில் இன்னொருவர் கடப்பாரை வைக்க நான் சம்மதிக்க வேண்டுமா?

"அவர்கிட்ட பேசுங்க" என்றேன்.

"பேச வேணாம். அவர் பல்லு ரயில்ல வரட்டும். ஒரு தடவை பாத்தா மனசு வராது, இடிக்க."

"பல்லில்லாம வர்ற மனுஷன்கிட்ட போய் விளையாட்டுக் காட்டாதீங்க. பேசாம கையில குடுத்துடுங்க."

கேட்டால்தானே?

அந்த நாளும் வந்தது. வீட்டுக்காரர் நாற்காலியில், கைக்குட்டையும் கையுமாக, தோட்டத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொத்தனார் கடப்பாரையை அந்த எலுமிச்சை மரத்திலேயே சாய்த்துவிட்டு டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார். ஷெட்டில் விசில் கேட்டது. ஈறு நிற எஞ்சின் கத்தரியைச் சுற்றியது. வளைவில் அழகாகச் சாய்ந்து திரும்பியது. கொத்தனார் டேப்பை விட்டுவிட்டு "அட!" என்றார். வீட்டுக்காரர்கூடச் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். ரயில் மலைக்குள் நுழைந்தது.

வெளியே வரவில்லை.

உள்ளே சக்கரம் கிர்ரென்று சுற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. என் கணவர் ஷெட்டிலிருந்து ஓடி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. இதுவரை ரயிலில் வந்ததெல்லாம் ஒற்றை பிளேட். வீட்டுக்காரருக்கோ மேலும் கீழுமாக முழு செட். அவர் அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். அந்த உயரத்துக்குக் குகை இடம் கொடுக்கவில்லை. ஊர் வாயையெல்லாம் மில்லிமீட்டரில் அளக்கிறவர், தான் கட்டிய குகையின் வாயை அளக்க மறந்துவிட்டார்.

கையை விட்டுப் பார்த்தார், எட்டவில்லை. என் கை முழங்கையோடு நின்றுவிட்டது. கொத்தனாருக்கு உற்சாகம்.

"எப்படியும் இடிக்கப்போற மலைதானே? இப்பவே ஒரு தட்டு தட்டிடவா?"

வீட்டுக்காரர் பதறிக் கையை ஆட்டினார். உள்ளே இருப்பது அவர் பல்லல்லவா? கடப்பாரையை நம்புவாரா? என் கணவர் கொக்கி போட்ட கம்பி எடுத்துவர ஷெட்டுக்குப் போனார். வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. கொத்தனாரிடமிருந்து ஒரு டார்ச்சை வாங்கி, முட்டி போட்டு, அதுவும் போதாமல் மண்ணில் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்துக் குகைக்குள் பார்த்தார்.

பார்த்தவர் பார்த்தபடியே கிடந்தார். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று நான் பயந்தேன். அப்புறம் ஒரு சத்தம் வந்தது.

"எத்துப்பவ்வு!"

"என்னய்யா?" என்றார் கொத்தனார்.

"எத்துப்பவ்வு! எத்துப்பவ்வு!"

"எடுத்துப் போடவா? அப்படிச் சொல்லுங்க!" என்று கொத்தனார் கடப்பாரையைத் தூக்கிவிட்டார்.

கம்பியோடு திரும்பி வந்த என் கணவர் இதைக் கேட்டு அப்படியே நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கடப்பாரைக்கும் மலைக்கும் நடுவே போய் நின்றேன்.

"முதல்ல என்னை எடுத்துப் போட்டுட்டு அப்புறம் மலையை எடுத்துப் போடுங்க! ஏங்க ஐயா, உங்க பல்லையே ராஜா மாதிரி ரயில்ல வெச்சு அனுப்பியிருக்காரு இந்த மனுஷன். அதுக்கு இதுதான் மரியாதையா?"

வீட்டுக்காரர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது. எழுந்து உட்கார்ந்து, பாசி, மண் எதையும் பார்க்காமல் மலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். "எத்துப்பவ்வு" என்று மறுபடியும் சொன்னார். கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"எடுத்துப் போடுன்னும் சொல்றாரு, கட்டிப் பிடிச்சும் அழறாரு. நான் எதைக் கேக்கறது?"

என் கணவர்தான் கண்ணைத் திறந்து, கம்பியை ரயில் நுழைந்த பக்கமாக விட்டு, பெட்டியை மெதுவாகப் பின்னால் இழுத்தார். செட் வெளியே வந்தது. குழாயில் கழுவித் துடைத்து, வீட்டுக்காரர் வாயில் பக்குவமாகப் பொருத்தினார். கன்னம் நிமிர்ந்தது. பழக்கம் விடவில்லை.

"ஒரு 'த' சொல்லுங்க ஐயா."

வீட்டுக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"தெத்துப்பல்லு" என்றார்.

கண்ணாடி மாதிரி வந்தது அந்த வார்த்தை.

"என் பொண்டாட்டியோட தெத்துப்பல்லு. உள்ள இருக்கு, தம்பி."

என் கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பல வருஷம் முன்னால் அந்த அம்மா கடைவாய்ப் பல் ஒன்று கட்டிக்கொள்ள வந்திருக்கிறார். அப்போது வார்த்த அச்சு. கூடையில் எந்த வாய் யாருடையது என்று பார்க்காமல் இவர் மலையில் அடுக்கியிருக்கிறார்.

நான் டார்ச்சை வாங்கிப் படுத்தேன். இடது பக்கச் சுவரில், எத்தனையோ ஒழுங்கான வாய்களுக்கு நடுவே, ஒரு பல் பக்கத்துப் பல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பார்த்ததுமே அந்த அம்மா எலுமிச்சை மரத்தடியில் நின்று சிரிக்கிற மாதிரி இருந்தது. சிரிக்கும்போது முதலில் தெரிவது அதுதான். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

"மன்னிச்சுக்குங்க ஐயா. பக்குவமா அறுத்து வெளிய எடுத்துத் தந்துடறேன்" என்றார் என் கணவர்.

வீட்டுக்காரர் புதுப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டே யோசித்தார்.

"எடுத்துப் போடாதீங்க தம்பி" என்றார். "நான் கொண்டுபோய் பீரோவுல பூட்டி வெச்சு என்ன பண்ணப் போறேன்? ஒரு இடத்துல சும்மா இருப்பாளா அவ? இங்கன்னா தோட்டம் இருக்கு, மரம் இருக்கு. போக வர ரயிலு வேற."

பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். கார் ஷெட் போச்சே என்று கொத்தனார் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

"வாங்கின சிமெண்ட் வீணாக வேணாம். இந்த மலை பக்கத்துல ஒரு மேடை கட்டுங்க. தாழ்வா கட்டணும். உக்காந்து குனிஞ்சா உள்ள தெரியணும்."

மேடை கட்டி முடிந்தது. என் கத்தரியில் ஒரு வரிசை போனது, போகட்டும். குகையை இடிக்காமல் என் கணவர் ரயில் பெட்டியை இரண்டாக்கிவிட்டார், மேல் செட்டுக்கு ஒன்று, கீழ் செட்டுக்கு ஒன்று. உள்ளே ஒரு குட்டி விளக்கும் போட்டார்.

வீட்டுக்காரர் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். வந்ததும் எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றுவார். அப்புறம் ஷெட்டுக்குப் போய், நன்றாக இருக்கிற பல்லைக் கழற்றி என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, பொக்கை வாயோடு மேடையில் உட்கார்ந்துகொள்வார். ரயிலில் வந்தால்தான் மாட்டிக்கொள்வாராம். இரண்டு பெரிய மனிதர்களும் இப்படிக் கூத்தடிப்பதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் அந்த விசில் கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு நானும் பின்வாசலுக்கு வந்துவிடுவேன்.

ரயில் மலைக்குள் போகும்போது அவர் குனிந்து பார்ப்பார். வெளியே வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வார். என் கணவர் புதிதாகக் கேட்பது போலவே, "ஒரு 'த' சொல்லுங்க ஐயா" என்பார்.

எத்தனை தரம் கேட்டாலும் அவருக்குத் தெரிந்த 'த' அது ஒன்றுதான்.