எண்பது வயது வரைக்கும்

எண்பது வயது வரைக்கும் இருப்பது என்று நான் முடிவு செய்தபோது எனக்கு நாற்பத்தாறு. அது அறுபத்து மூன்றாம் வருஷம். திருப்பூரில் ஜின்னிங் பேக்டரியில் கூலிக்குப் போகிற பொம்பளை இப்படிச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? பெண்ணைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, பேரனையும் பார்த்தாகிவிட்டது, இன்னும் என்ன ஆசை என்றார்கள். அடுத்தவள் நகையைக் கேட்டுவிட்டது போலப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கன்னையனுக்கு வேறு கவலை.

"எம்பது வரைக்கும் உனக்கு யாரு சோறு போடறது?"

"இப்ப உங்களுக்கு யாருங்க போடறது?" என்று கேட்டேன்.

என் அக்கா வேலாத்தாள் அதே பேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் பருத்தி அள்ளிப் போட்டவள். கொட்டையைப் பிரிக்கிற மிஷின் ஓட ஆரம்பித்தால் பஞ்சுத்தூசியில் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. அதற்கு மருந்து என்று தினமும் சாயங்காலம் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் தூசி வயிற்றோடு போய்விடுமாம். அக்கா ஒரு நாள்கூட வெல்லத்தை விட்டதில்லை. இருமி இருமி நாற்பத்தொன்பது வயதில் செத்துப்போனாள். விதித்த ஆயுசு அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். தாடை தொங்காமல் இருக்க, வெள்ளைத் துணியால் அவள் முகத்தைச் சுற்றிக் கட்டினார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது அவள் மூக்குக்கும் வாய்க்கும் யாராவது ஒரு துணி கட்டியிருக்கலாமே!

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று, பழைய வேட்டியைக் கிழித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன். மேஸ்திரி ஆறுச்சாமி மிஷினையே நிறுத்திவிட்டார்.

"ஏனம்மிணி, பொணத்துக்குக் கட்டறதக் கட்டிட்டு வந்து நிக்கற? இது தொழில் நடக்கற எடமா, சுடுகாடா? அவுத்துப் போட்டுட்டு வா. இல்லாட்டி வராத."

"அவுக்க மாட்டனுங்க," என்றேன்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பக்கத்தில் நின்ற மருதம்மாள்கூடச் சிரித்தாள். அவளுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு, இருமல் என்னைவிட அதிகம்.

ஆறு நாள் வீட்டில் கிடந்தேன். கூலி இல்லாமல் மூன்று வேளையும் சோளக்கஞ்சிதான். துணியை விட்டால் அக்கா போன வழி, வேலையை விட்டால் பட்டினி. நான் இரண்டையும் விடுவதாக இல்லை.

ஏழாம் நாள் அமாவாசை. அமாவாசை தோறும் மிஷினுக்குப் பொங்கல் வைத்துப் படைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள். பொங்கல் வைக்கிற முறை அந்த மாதம் எனக்கும் மருதம்மாளுக்கும். முறையை மாற்றினால் சாமி குற்றம் என்று ஆறுச்சாமியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். படைக்கிற பொங்கலில் மூச்சு படக்கூடாது. அதனால் வாயைக் கட்டிக்கொண்டுதான் கிண்டுவோம். நானும் கட்டினேன், மருதம்மாளும் கட்டினாள். அவள் கட்டு சரிந்தபோது, "இறுக்கிக் கட்டம்மிணி!" என்று அதட்டியதும் மேஸ்திரிதான்.

படையல் முடிந்ததும் பொங்கல் தின்ன மருதம்மாள் கட்டை அவிழ்த்தாள். நான் அவிழ்க்கவில்லை. நேராகப் போய் மிஷின் முன்னால் பருத்தியோடு நின்றேன்.

"அதான் பூசை முடிஞ்சுதே, அவுத்துப் போடு," என்றார் ஆறுச்சாமி.

"சாமிக்குக் கட்டறப்ப இது பொணத்துத் துணின்னு உங்களுக்குத் தோணலீங்களே. என்ற மூச்சு சாமி மேல படக்கூடாது, சரிங்க. பஞ்சு மட்டும் என்ற நெஞ்சுக்குள்ள போகலாமுங்களா? மிஷின ஓட்டச் சொல்லுங்க."

கற்பூர வாசனைகூட இன்னும் அடங்காத இடத்தில், அதே துணியை இன்னொரு முறை பிணத்துத் துணி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கையைக் காட்டினார். மிஷின் ஓடியது.

சாயங்காலம் வெல்லக்கூடை வந்தது. என் துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், காப்பிக்கு ஆகும். பிறகுதான் துணியை அவிழ்த்தேன். வெளிப்பக்கம் முழுக்கப் பஞ்சு கம்பளி மாதிரி அப்பியிருந்தது. இது ஒரே நாள் தூசி. அக்காவின் இருபத்திரண்டு வருஷத்தை நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மருதம்மாள் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் பஞ்சு ஒட்டியது. வாயில் போடப்போன வெல்லத்தைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எம்பதெல்லாம் எனக்கு வேண்டாங்கக்கா. ஒரு அறுவத்தஞ்சு இருந்தாப் போதும்," என்றாள். "அந்த வேட்டில இன்னொரு துண்டு இருக்குங்களா?"

"அறுவத்தஞ்சுக்கும் எம்பதுக்கும் ஒரே துண்டுதான். காத்தால வந்து வாங்கிக்க," என்றேன்.